ஐந்தாவது ஆள்

போன வாரம் தம்பி மகளைக் கொண்டுபோய் விடப் பல்கலைக்கழகத்துக்குப் போயிருந்தேன். வாசலில் இறங்கி, பெண்கள் விடுதி எங்கே என்று கேட்டால், "நடந்தா ரொம்ப தூரம்மா. உள்ளயே பஸ் ஓடுது, ஏறிக்கோங்க" என்கிறார் காவலாளி. வளாகத்துக்குள்ளேயே பஸ்! யம்மாடி என்று வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். துறைக்கொரு கட்டடம், நூலகத்துக்கு மாடிமேல் மாடி. அவளோ, "வாங்கத்தே, எல்லாரும் பாக்காக" என்று கையை இழுக்கிறாள்.

நடக்கும்போது வேப்பம்பழ வாசனை அடித்தது. நான் முதன்முதலில் வந்தபோது இங்கே கட்டடங்களைவிட வேப்பமரங்கள்தான் அதிகம். கருவேலங்காட்டுக்கு நடுவே நாலைந்து கட்டடம், ஓர் ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகை. அதற்கும் முன்னால் பல்கலைக்கழகமே டவுனில் வாடகைக்கு இருந்ததாம். நான் அந்தக் கொட்டகையைப் பார்த்தே மலைத்துப்போனவள்.

அப்போது எனக்கு விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசு கம்பெனியில் வேலை. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் படித்து, அஞ்சல் வழியில் பி.ஏ. முடித்திருந்தேன். தபால்காரர் கையில் பாடங்களைக் கொடுத்தனுப்பி, இந்தப் பல்கலைக்கழகம் எங்கள் தெருவுக்கே வந்தது. இல்லையென்றால் எனக்கேது பி.ஏ.? எம்.ஏ.வுக்கு நேர்முகத் தேர்வு என்று கார்டு வந்ததும் அப்பா சொன்னார்: "சீட்டு கெடச்சா படி. கெடைக்கலைன்னா திங்கக்கெழமை கம்பெனிக்குப் போயிரணும். சீசன் நேரம், பாத்துக்க."

கொட்டகையில்தான் நேர்முகம். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு எட்டிப் பார்த்தேன். மேசையைச் சுற்றி நாலு பேர். சட்டென்று காலைப் பின்னால் எடுத்துக்கொண்டேன். எங்கள் கம்பெனியில் அறைக்கு நாலு பேர்தான், சுவரிலேயே எழுதியிருக்கும். ஐந்தாவதாக ஒருத்தி நுழைந்தால் போர்மேன் வைது தீர்த்துவிடுவார். வெடித்தால் சாவு நாலோடு நிற்கட்டும் என்றுதான் அந்த விதி. ஆறு வருஷப் பழக்கம், மண்டைக்கு முன்னால் கால் முடிவெடுத்துவிட்டது.

உதவியாளர் என் பெயரை மூன்று தரம் கூப்பிட்டார். "இந்தா நிக்கேன் சார்" என்றேனே தவிர நகரவில்லை.

"உள்ள போறியா, அடுத்த ஆளைக் கூப்பிடவா?"

திங்கட்கிழமை கண்முன்னால் வந்து நின்றது. அழுகை முட்ட, "உள்ள நாலு பேர் இருக்காக சார். ஒருத்தர் வெளிய வரட்டும்" என்றேன். வரிசையே கொல்லென்று சிரித்தது.

உள்ளே நடுவில் இருந்த பேராசிரியர் சிரிக்கவில்லை. "எந்த ஊரும்மா?"

"சிவகாசி சார். பட்டாசு வேலை."

அவ்வளவுதான் கேட்டார். எழுந்து வெளியே வந்து வெயிலில் நின்றார். "இப்ப மூணு பேர்தான் இருக்காங்க. போங்கம்மா." அங்கே நின்றபடியே என்னிடம் கேள்வியும் கேட்டார். ஒரு பல்கலைக்கழகமே எனக்காக எழுந்து வெளியே வந்த மாதிரி இருந்தது. என்ன பதில் சொன்னேனோ, சீட்டு கிடைத்துவிட்டது.

கொட்டகை இருந்த இடத்தில் இப்போது கணினி மையம். தம்பி மகளுக்கு விண்ணப்பம், தேர்வு, இடம் எல்லாம் போனிலேயே முடிந்துவிட்டது. நல்லதுதான், யார் முன்னாலும் போய் அவள் முழிக்க வேண்டியதில்லை.

படித்த இரண்டு வருஷமும் அந்தப் பேராசிரியரைத் தினம் பார்த்தேன். வெட்கத்தில் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. நன்றி சொல்ல இப்போது எனக்கு வாய் இருக்கிறது. அவர் இல்லை.