சாத்திய கதவும் சாமைச் சோறும்

பத்தாம் வகுப்போடு நின்றவள் நான். என்ன சாப்பிட வேண்டும், எப்படி உடற்பயிற்சி செய்ய வேண்டும் என்றெல்லாம் டாக்டர்கள் எழுதுகிறார்கள். அவர்கள் எழுதுவதுதான் முறை. ஒரு மார்கழி மாதத்தில் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு எடை குறைக்கப் பார்த்த ஒருத்தி அதை எழுத வருவது அதிகப்பிரசங்கித்தனம். எனக்கே அப்படித்தான் தோன்றுகிறது. நாலு பேர் இருக்கும் இடத்தில் வாய் திறக்காதவள் தாளில் மட்டும் பேச வந்துவிட்டாளே என்று நினைப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எண்பதுகளின் நடுவில் நாங்கள் ஏற்காட்டில், மஞ்சக்குட்டைக்குப் போகும் வழியில் ஒரு காப்பி எஸ்டேட்டில் இருந்தோம். என் கணவருக்கு அங்கே ஸ்டோரில் வேலை. பறித்து வரும் காப்பிப் பழ மூட்டைகளைத் தராசு மேடையில் ஏற்றி எடை சொல்வார். அவர் சொல்லச் சொல்ல ரைட்டர் எழுதிக்கொள்வார். ஸ்டோரை ஒட்டியே எங்கள் வீடு. முன்னறை, சமையலறை, இரண்டுக்கும் நடுவே நீளமான ஒரு நடை. குழந்தைகள் இல்லை.

அந்த வருடம் ஐப்பசி மழையில் பிடித்த இருமல் விடவில்லை. இருமும்போதெல்லாம் தொப்புளுக்கு மேலே எலுமிச்சை அளவுக்குப் புடைத்து வலித்தது. வெட்கப்பட்டுக்கொண்டு ஒரு மாதம் யாரிடமும் சொல்லவில்லை. பிறகு கணவர் சேலத்துக்குக் கூட்டிப் போனார். அங்கே ஆஸ்பத்திரியில் டாக்டர் பார்த்துவிட்டு, குடல் இறக்கம், ஆபரேஷன் செய்ய வேண்டும் என்றார். ஆனால் உடனே முடியாது. என் எடை எழுபத்தாறு கிலோ. எழுபதுக்கு வந்தால்தான் மயக்க மருந்து கொடுக்க முடியும், தையலும் நிற்கும் என்றார். தள்ளிப்போட்டுக்கொண்டே போனால் குடல் சிக்கிக்கொள்ளலாம், அப்போது நடுராத்திரியானாலும் மலையிலிருந்து இறங்கி வர வேண்டியிருக்கும் என்றும் சொன்னார். காப்பி சீசனில் கணவருக்கு லீவு கிடைப்பது பொங்கலுக்குத்தான். ஆகவே பொங்கல் முடிந்து வருவதாகச் சொல்லிவிட்டு வந்தோம்.

குனிந்து எதையும் தூக்கக் கூடாது, மூச்சு முட்டும் வேலை கூடாது, நிறைய நடக்க வேண்டும், எண்ணெயும் இனிப்பும் அரிசிச் சோறும் குறைய வேண்டும். டாக்டர் சொன்னது இவ்வளவுதான்.

அன்றிலிருந்து தண்ணீர்க் குடத்தை அவர் தூக்கினார். குழாயடியில் பெண்கள் சிரித்தார்கள். அவர் அதைக் கண்டுகொள்ளவில்லை. மாரமங்கலத்திலிருந்து வரும் ஒருவரிடம் சாமையும் ராகியும் வாங்கிப் போட்டார். காலையில் ராகிக் கூழ், மத்தியானம் ஒரு கரண்டி சாமைச் சோறும் கொள்ளு ரசமும் கீரையும், ராத்திரி வேகவைத்த காய். காய் என்றால் அந்தக் காலத்தில் பெரும்பாலும் சௌசௌதான். வேலியெல்லாம் அதுதான் காய்த்துக் கிடந்தது. பசிக்கும்போது ஆரஞ்சு. குளிர்காலத்தில் பசி அதிகம் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அதற்கு முன் பசி வரும்வரை நான் காத்திருந்ததே இல்லை.

நடப்பதுதான் கஷ்டமாக இருந்தது. வெளியே போனால், எங்கே போகிறாய் என்று யாராவது கேட்பார்கள். சும்மா நடக்கிறேன் என்று பதில் சொல்லும் பழக்கம் அப்போது பெண்களிடம் இல்லை. ஏரிப் பக்கம் போனால் லீவுக்கு வந்த கூட்டம். அதனால் வீட்டுக்குள்ளேயே, வாசற்கதவைச் சாத்திவிட்டு, முன்னறையிலிருந்து சமையலறைக்கும் சமையலறையிலிருந்து முன்னறைக்கும் நடந்தேன். பனி மூடிய நாட்களில் விளக்கைப் போட்டுக்கொண்டு நடப்பேன்.

டாக்டரைப் பார்த்து வந்து ஒரு வாரம் கழித்து, ஸ்டோர் பூட்டும் நேரத்தில் கணவர் என்னைத் தராசு மேடையில் ஏறி நிற்கச் சொன்னார். மூட்டை வைக்கும் இடத்தில் நிற்கக் கூச்சமாக இருந்தது. சுவெட்டரும் சால்வையுமாக ஏறித் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் தராசுத் தண்டில் இருந்த குண்டை நகர்த்திப் பார்த்துவிட்டு, "எழுபத்து மூணு" என்றார்.

"ஒரு வாரத்துலயேங்களா?"

"தராசு பொய் சொல்லுமா? எறங்கு."

இரண்டு பேரும் அதைச் சாமைக்கும் சௌசௌவுக்கும் வரவு வைத்தோம்.

அரைப்பரீட்சை லீவு விட்டதும் என் கணவரின் அக்கா சேலத்திலிருந்து பிள்ளைகளோடு வந்துவிட்டார். அவரை நான் நங்கையா என்று கூப்பிடுவேன். வருடா வருடம் குளிருக்காகவே வருவார். வரும்போது முறுக்கும் அதிரசமும் தூக்குப்போசி நிறைய இருக்கும். அந்த வருடமும் இருந்தது. என் தட்டை எட்டிப் பார்த்தார்.

"ஏங்கண்ணு, இது உனக்கா, கோழிக்கா?"

"டாக்டர் சொல்லியிருக்காருங்க நங்கையா."

"நடக்கறயாமா. எங்க நடக்கற?"

காட்டினேன். சமையலறை வரை ஒரு தடவை அவரும் என்னோடு நடந்து பார்த்தார். "இப்படியே போனா சேலம் வந்துருமா?" என்று கேட்டுவிட்டு, நடந்தால் மட்டும் போதாது, கைகால் அசைய வேண்டும் என்றார். பள்ளிக்கூடத்தில் அவர் டிரில் வகுப்புக்குத் தலைவியாக இருந்தவராம். அடுப்பு ஊதும் குழலைக் கையில் எடுத்துக்கொண்டார். கையைத் தலைக்கு மேல் தூக்கு, பக்கத்தில் நீட்டு, இறக்கு, நின்ற இடத்திலேயே நட. அவர் குழலால் கதவில் தட்டிய தாளத்துக்கு நானும் பிள்ளைகளும் செய்தோம். எனக்கு மூச்சு வாங்கினால் உட்காரச் சொல்லிவிடுவார். பிள்ளைகளை உட்கார விடமாட்டார்.

மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, தாழ்ப்பாள் சரியாக விழவில்லை. பக்கத்து வீட்டு அக்கா கதவைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டார். அவர் தோட்டத்தில் கிலோவுக்கு இவ்வளவு என்று கூலிக்குப் பழம் பறிக்கப் போகிறவர். நான் இரண்டு கையையும் மேலே தூக்கியபடி நின்றேன்.

"ஏம்புள்ள, சாமி கீது வந்துருச்சா? கற்பூரம் கொண்டாரட்டுமா?"

"சாமி இல்லீங்க, டிரில்லு," என்றார் நங்கையா. "எடை குறையறதுக்கு."

"குறைஞ்சுதா?"

"மூணு கிலோ குறைஞ்சிருச்சுன்னு எந்தம்பி எடை போட்டுச் சொன்னான்."

பக்கத்து வீட்டு அக்கா கதவு நிலையில் சாய்ந்துகொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். "உங்க தம்பி எடை போட்டா ஆருமே இளைச்சுத்தான் போவாங்க. நாங்க பறிக்கற பழமும் அங்க போனா நொம்ப இளைச்சிருது."

நங்கையா சிரித்தார். தோட்டத்து ஆட்கள் எடையைப் பற்றிக் குறை சொல்வது வழக்கம்தான் என்பதால் நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கை வலித்தது. அதை இறக்கலாமா கூடாதா என்பதுதான் அப்போதைய என் யோசனை.

கிறிஸ்துமஸ் அன்று பங்களாவில் எஸ்டேட் ஆட்கள் எல்லோருக்கும் கேக் கொடுப்பார்கள். வரிசையில் நின்று வாங்கி, முதலாளியம்மாவுக்கு எதிரிலேயே சாப்பிட வேண்டும். மடித்து எடுத்துப் போனால் பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொள்வார்கள். முந்திரியும் திராட்சையும் போட்ட பெரிய துண்டு. கையில் வாங்கிக்கொண்டு நின்றேன். முதலாளியம்மா அடுத்தவரைப் பார்க்கத் திரும்பிய நேரத்தில் நங்கையா அதை என் கையிலிருந்து எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். தன் துண்டை ஏற்கெனவே முடித்திருந்தார்.

"உனக்காகத்தான் தின்னேன் கண்ணு," என்றார் திரும்பி வரும்போது. "எனக்கென்ன ஆசையா?"

பிள்ளைகள் ஏரிக்கரையிலிருந்து மிளகாய் பஜ்ஜியைத் தாளில் சுற்றிக்கொண்டு வந்து என் முன்னால் வைத்துச் சாப்பிட்டார்கள். அந்த எண்ணெய் வாசனை ராத்திரி வரை வீட்டில் நின்றது. நான் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன். அதில் பெருமையும் இல்லை, வருத்தமும் இல்லை. வயிற்றில் அந்தப் புடைப்பு இருமலுக்கு இருமல் தன் இருப்பைச் சொல்லிக்கொண்டிருந்தது.

புது வருடம் பிறந்ததும் பள்ளிக்கூடம் திறந்து அவர்கள் போய்விட்டார்கள். டிரில்லைத் தனியாகச் செய்தேன். தாளம் இல்லாமல் கொஞ்சம் தடுமாறியது, அவ்வளவுதான். கணவர் வாரம் ஒருமுறை தராசில் நிறுத்தினார். எடை மெதுவாக இறங்கியது. பொங்கலுக்கு முந்தைய நாள் பனி கொட்டிக்கொண்டிருந்தது. அன்று பூட்டும் நேரத்தில் நின்றபோது அவர் குண்டை இரண்டு தடவை நகர்த்திப் பார்த்தார்.

"எழுபது. சரியா எழுபது."

பொங்கலன்று ஒரு கரண்டி சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டேன். ஒன்றரை மாதத்தில் நான் தொட்ட இனிப்பு அதுதான்.

அது முடிந்து இரண்டு நாளில், பையில் தட்டு, டம்ளர், போர்வை, பழைய சேலைகள் எல்லாம் எடுத்துக்கொண்டு காலை பஸ்ஸில் இறங்கினோம். நங்கையா ஃபிளாஸ்கோடு ஆஸ்பத்திரி வாசலில் நின்றார். என்னோடு தங்குவதற்காக வந்திருந்தார். சேர்த்துக்கொள்வதற்கு முன்னால் நர்ஸ் எடை பார்க்க வேண்டும் என்றார். சுவெட்டரையும் சால்வையையும் கழற்றிக் கணவர் கையில் கொடுத்துவிட்டு ஏறி நின்றேன்.

"எழுபத்து மூணு," என்றார் நர்ஸ்.

என் கணவர் எழுந்து வந்தார். "ஏனுங்க, அது மொத்தமுங்களா, கழிச்சதுங்களா?"

"எதைங்க கழிக்கறது?"

"சாக்கு..." என்று தொடங்கி நிறுத்தினார். "இல்லீங்க, சுவெட்டரு, சால்வை. அப்புறம் ஈரம்."

"சேலத்துல ஏதுங்க ஈரம்? சுவெட்டரத்தான் கழட்டி உங்க கையிலயே குடுத்துட்டாங்களே."

அவர் தன் கையைப் பார்த்தார். சுவெட்டரும் சால்வையும் அங்கேதான் இருந்தன.

எனக்கு அப்போது புரிந்தது. ஸ்டோரில் மூட்டைக்கு எடை சொல்லும்போது சாக்குக்கு ஒரு கிலோவும், பனியில் நனைந்த பழத்துக்கு ஈரம் என்று இரண்டு கிலோவும் கழித்துத்தான் சொல்வார்கள். அது எஸ்டேட்டின் வழக்கம். முழு எடையை அவர் வாயால் சொல்லி நான் கேட்டதே இல்லை. தராசைப் பார்த்தவுடன் கழித்த எண்தான் அவருக்குக் கண்ணில் படும். என்னையும் அப்படியே எடை போட்டிருக்கிறார். முதல் வாரம் குறைந்ததாக நாங்கள் நினைத்த மூன்று கிலோ குறையவே இல்லை.

டாக்டர் கூப்பிட்டுக் கேட்டார். "ஊர்ல எடை போட்டது யாரு?"

"நாந்தானுங்க."

"தராசு சரியா இருக்கா?"

"தராசு சரியாத்தான் இருக்குதுங்க," என்றார் என் கணவர்.

டாக்டர் சிரிக்கவில்லை. மூன்று கிலோ குறைந்ததே நல்ல விஷயம், ஆனால் போதாது, சளியும் இருக்கிறது, மயக்க மருந்து கொடுப்பவர் ஒத்துக்கொள்ள மாட்டார் என்றார். இதே சாப்பாடு, இதே பயிற்சி, மாசி முடிந்து வாருங்கள். நடுவில் வலி விடாமல் இருந்தாலோ வாந்தி வந்தாலோ ஒரு நிமிஷம் கூடக் காத்திருக்கக் கூடாது. அதை இரண்டு தடவை சொன்னார்.

வெளியே வந்ததும் நங்கையா ஃபிளாஸ்கிலிருந்து சர்க்கரை இல்லாத காப்பியை எனக்கு ஊற்றிக் கொடுத்தார். பிறகு தம்பியைப் பார்த்தார்.

"ஏண்டா, ஊட்டுக்காரியும் காப்பிப் பழமும் உனக்கு ஒண்ணா? உன்ன ஏத்தி நிறுத்தி ஈரத்தக் கழிச்சா என்னடா மிஞ்சும்?"

"பழக்கமாயிப் போச்சுக்கா," என்றார். நங்கையா மேற்கொண்டு திட்டவில்லை. எங்களோடு பஸ் ஸ்டாண்டு வரை நடந்து வந்தார்.

மத்தியானப் பஸ்ஸில் ஏறினோம். பிரிக்காத பையை அவர் மடியில் வைத்துக்கொண்டார். வளைவுகளில் பஸ் திரும்பும்போது வயிறு குலுங்காமல் நான் கையால் தாங்கிக்கொண்டேன். பயம் இல்லை என்று சொல்ல முடியாது. இன்னும் கிட்டத்தட்ட இரண்டு மாதம் இதோடு மலைமேல் இருக்க வேண்டும். ஆபரேஷன் பிறகு பங்குனியில் நல்லபடியாக நடந்தது. ஆனால் அன்று பஸ்ஸில் அது தெரியாது.

பாதி மலை ஏறிய பிறகு அவர் சன்னலைப் பார்த்தபடி பேசினார்.

"ஈரத்துக்கு ரெண்டுங்கறது கொஞ்சம் ஜாஸ்திதான்."

"ஆருக்குங்க?"

"பொதுவாச் சொன்னேன்."

நான் மேலே கேட்கவில்லை. கழிவு எத்தனை என்று முடிவு செய்கிறவர் அவர் இல்லை என்பது எனக்குத் தெரியும். வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது பக்கத்து வீட்டு அக்கா வாசலில் நின்றார். என்ன ஆயிற்று என்று கேட்டார். எடை போதவில்லை என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் சனிக்கிழமை. அவர் ஏழு மணிக்கு ஸ்டோருக்கு எடை சொல்லப் போனார். நான் ராகிக் கூழ் குடித்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு நடந்தேன்.