பெயிண்ட் ஷாப்பில் வராத தும்மல்

ஒருவரை நோயாளியாக்குவது அவர் வேலை செய்யும் இடத்துக் காற்றா, உறங்கும் இடத்துக் காற்றா? ஒரகடத்தில் கார் பம்பர்களுக்கு வண்ணம் பூசும் ஆலையொன்றில் நான் பாதுகாப்பு அலுவலராகச் சேர்ந்த இரண்டாம் ஆண்டு, ஒரு படிவத்தில் கையெழுத்திடுவதற்கு முன் இந்தக் கேள்விக்கு விடை காண வேண்டியிருந்தது.

படிவம் முத்துலட்சுமியினுடையது. விளாத்திகுளம் பக்கத்திலிருந்து வந்து, பெயிண்ட் ஷாப்பில் தரம் பார்க்கும் பயிற்சித் தொழிலாளியாக இருந்தார். மாசிக் கடைசியில் தும்மலும் கண் அரிப்பும் தொடங்கின. பங்குனியில் இளைப்பும் சேர்ந்துகொண்டது. பெயிண்ட் வாடைதான் காரணம் என்று சூப்பர்வைசர் முடிவு கட்டிவிட்டார். 'பெயிண்ட் ஷாப்புக்குத் தகுதியற்றவர்' என்று நான் எழுதினால், வேறு பிரிவில் இடமில்லாததால், அடுத்த மாதம் வரவேண்டிய பணி நிரந்தரம் அவருக்குக் கிடைக்காது. எழுதாமல் விட்டு அவர் நுரையீரல் கெட்டால் அதற்கும் நானே பொறுப்பு.

"மேடம், லைன்ல நின்னா எனக்கு ஒண்ணும் செய்யல. ரூமுக்குப் போனாத்தான் இந்தப் பாடு. லீவு நாள் பூராவும் தும்மிக்கிட்டே கெடக்கேன். வேல போயிருமேன்னு பொய் சொல்லுதேன்னு நெனைக்காதீங்க."

முதலுதவி அறைப் பதிவேட்டைப் புரட்டினேன். அவர் வந்ததெல்லாம் ஷிஃப்ட் தொடங்கிய முதல் அரைமணிக்குள். விடுமுறைக்கு மறுநாள் தவறாமல் வந்திருந்தார். ஷிஃப்ட் முடியும் நேரத்தில் ஒருமுறைகூட வரவில்லை. ஆலை மருத்துவரிடம் காட்டினேன்.

"அப்ப வீட்டப் பாத்துட்டு வாங்க. ஃபார்ம் ரெண்டு வாரம் என் டேபிள்லயே இருக்கட்டும்," என்றார். முத்துலட்சுமிக்கு மருந்தும் எழுதிக் கொடுத்தார்.

ஞாயிறு காலை, அவர் தங்கியிருந்த படப்பைக்குப் போனேன். நான்கு பெண்கள் சேர்ந்து எடுத்திருந்த மாடி அறை. முத்துலட்சுமியின் கட்டில் ஜன்னலை ஒட்டி இருந்தது. வெளியே விற்காத மனைகள் முழுவதும் வேலிக்காத்தான் என்னும் சீமைக்கருவேலம், மஞ்சள் மஞ்சளாகப் பூத்திருந்தது. மொட்டை மாடிக் கொடியில் அவர்களுடைய போர்வைகள். ஜன்னலுக்குப் பக்கத்துச் சுவரில், முந்தைய ஆண்டு நான் எழுதி எல்லாத் தொழிலாளர்களுக்கும் கொடுத்த அறிவிப்பு: 'காலை முழுவதும் ஜன்னல்களைத் திறந்து வைக்கவும். போர்வைகளை வெளியே உலர்த்தவும்.'

"நீங்க எழுதுனதுதானே மேடம், ஒரு நாளும் விட்டதில்ல," என்றார் முத்துலட்சுமி.

நான் போய் ஜன்னலை இழுத்துச் சாத்தினேன்.

அவர் செல்போன் டார்ச்சைப் போட்டு, பம்பரில் தூசி தேடும் பழக்கத்தில், மெத்தைமேல் ஒளியைச் சாய்த்துப் பிடித்தார். நேராகப் பார்த்தபோது சுத்தமாகத் தெரிந்த விரிப்பில் வெளிர்மஞ்சள் மகரந்தப் பொடி படர்ந்திருந்தது.

"டஸ்ட், மேடம்! இது பம்பரா இருந்தா ரிஜெக்ட்."

வாசலில் நின்றிருந்த வீட்டுக்காரர் கஸ்தூரி அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "இன்னாம்மா, வந்ததும் வராததுமா என் வூட்ட ரிஜெக்ட் பண்ணிகினு கீறீங்க? ஜன்னல சாத்திட்டா புழுங்கிப் பூடும்."

"புழுங்குனா ஃபேனு இருக்குக்கா. தும்மலுக்கு ஏது சுவிட்ச்சு?" என்றார் முத்துலட்சுமி.

கஸ்தூரி அம்மா சிரித்துவிட்டார். கட்டிலை நகர்த்த அவரும் ஒரு கை பிடித்தார்.

பெயிண்ட் ஷாப்புக்குள் யாரும் காற்றைப் பீய்ச்சியடிக்கும் ஏர் ஷவரில் நின்று தூசியை உதறாமல் நுழைவதில்லை. அந்த ஒழுங்கையே அறைக்கும் கொண்டுவந்தோம். பூ அடங்கும்வரை காலையில் ஜன்னல் மூடியிருக்கும். பஸ்ஸிலிருந்து வந்ததும் யூனிஃபார்மைக் கதவருகே கழற்றி, தலைக்குக் குளித்த பிறகே கட்டில். துடைப்பத்துக்குப் பதில் ஈரத் துணி. விரிப்புகள் வாரம் ஒருமுறை வெந்நீரில் துவைக்கப்பட்டு, அறைக்குள் ஃபேனுக்கு அடியில் காய்ந்தன. அறைத் தோழிகள் முத்துலட்சுமியை 'குவாலிட்டி மேடம்' என்று கேலி செய்தாலும் காலைக் கழுவாமல் யாரும் உள்ளே வரவில்லை.

முதல் வாரம் பதிவேட்டில் இரண்டு நாள் அவர் பெயர் இருந்தது. இரண்டாம் வாரம், விடுமுறைக்கு மறுநாள் காலை, முதல் அரைமணி கழியும்வரை முதலுதவி அறையிலேயே உட்கார்ந்திருந்தேன். அவர் வரவில்லை. கண்ணாடி வழியே பார்த்தேன். லைனில் ஒரு பம்பரின்மேல் டார்ச்சைச் சாய்த்துக்கொண்டிருந்தார். மருத்துவர் மூச்சுச் சோதனை செய்து ஒப்புதல் தந்த பிறகு, 'தகுதியுள்ளவர்' என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

முத்துலட்சுமி நிரந்தரமானார். நல்லெண்ணத்தோடு எழுதியது என்பதால் ஓர் அறிவிப்பு தீங்கற்றதாகிவிடாது என்பதை நான் கற்றேன். பழையதை ஒவ்வோர் அறையிலிருந்தும் அகற்றி, பூக்காலத்தில் காலையில் ஜன்னலை மூடிவைக்கச் சொல்லும் புதியதை ஒட்டினோம். அன்றிலிருந்து, விடுமுறை நாளில் உடம்பு எப்படி இருந்தது என்று கேட்காமல் இளைப்பு பற்றிய எந்தப் படிவத்திலும் நான் கையெழுத்திடுவதில்லை.