மூச்சை அடக்காதே

பெரம்பலூரில் எனக்குப் பிசியோதெரபி கொடுத்த அக்காவுக்கு என் முட்டியைவிட என் மூச்சுதான் பெரிய தலைவலி. கல்லூரிக் கபடியில் ரெய்டு போனபோது முழங்காலுக்குள் குருத்தெலும்பு பெயர்ந்துவிட்டது. ஆபரேஷன் முடிந்து ஆறு வாரம் காலைத் தரையில் ஊன்றவே கூடாது என்றார்கள். அதன்பின் அரியலூரிலிருந்து வாரம் மூன்று நாள் பஸ் ஏறினேன். முட்டிக்கடியில் துண்டைச் சுருட்டி வைத்து, தொடையை இறுக்கி அதை அழுத்த வேண்டும். பத்து எண்ணிவிட்டுத் தளர்த்த வேண்டும். அவ்வளவுதான், சின்னப் பிள்ளைகூடச் செய்துவிடும்.

எனக்கு வரவில்லை. ஒரே மூச்சில் பாடிவிட்டுத் திரும்பிப் பழகிய உடம்பு இது. தொடையை இறுக்கியதும் மூச்சும் சேர்ந்து நின்றுவிடும். எண்ணுவதற்குப் பதில் வாய் கபடி கபடி என்று முணுமுணுக்கும். அக்கா போதும் என்ற பிறகும் விடாமல் முகம் சிவந்து கிடப்பேன்.

“மூச்ச அடக்காதம்மா. ஒன்னய இங்க யாரும் புடிக்க வரல,” என்றார் ஒரு நாள்.

அன்று பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதேன். யாராவது பிடிக்க வரமாட்டார்களா என்பதுதானே என் ஏக்கம். நாலு பேர் மேலே விழுந்து அமுக்க, வாயெல்லாம் மண்ணோடு கையை நீட்டிக் கோட்டைத் தொட வேண்டும். மறுபடி ஆட முடியுமா என்று டாக்டரிடம் கேட்டதற்கு, பார்க்கலாம் என்றார். பெண் பிடிக்காத மாப்பிள்ளை வீட்டாரும் அப்படித்தான் சொல்லிவிட்டுப் போவார்கள்.

ஆபரேஷன் முடிந்த ஐந்தாம் மாதம் விக்கிரமங்கலத்தில் எங்கள் அணிக்கு மேட்ச். வேடிக்கை மட்டும்தான் என்று அக்காவிடம் சத்தியம் செய்துவிட்டுப் போனேன். எல்லோரும் தரையில் உட்கார்ந்திருக்க, எனக்கு மட்டும் கோட்டோரமாக ஒரு நாற்காலி. பந்திக்குக் காத்திருக்கும் பெரிய மனுஷிபோல இருந்தது, எரிச்சலாக வந்தது.

என் இடத்தில் ஆடியவள் முதலாண்டுப் பெண். அவள் நடுக்கோட்டைத் தாண்டிப் பாட ஆரம்பித்ததும், எனக்கே தெரியாமல் நானும் உதட்டுக்குள் ஆரம்பித்திருக்கிறேன். ஒருத்தியைத் தொட்டுவிட்டுத் திரும்பினாள். கணுக்காலைப் பிடித்துவிட்டார்கள். கோடு இன்னும் ஒரு சாண் இருந்தது. பாட்டு நின்றது, விசில் ஊதினார்கள்.

அவுட்டாகி வந்தவள் என் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“மூச்சு பத்தலக்கா,” என்றாள்.

நான் இன்னும் அதே மூச்சில் பாடிக்கொண்டிருந்தேன்.