ரஹ்மத் பீவி கயிறு கட்ட மறுத்த பிள்ளை

எங்கள் பட்டுக்கோட்டைப் பக்கம் பிள்ளை எதையாவது பார்த்துப் பயந்துவிட்டால், டாக்டருக்கு முன்னால் ரஹ்மத் பீவியிடம்தான் தூக்கி வருவார்கள். எந்தச் சாதி, எந்த மதம் என்ற பேச்சே கிடையாது. சொம்புத் தண்ணீரில் ஓதி ஊதி முகத்தில் தெளித்து, கையில் கறுப்புக் கயிறு கட்டிவிடுவார். கணவர் போனபின் முப்பது வருடமாக அதுதான் அவருக்குப் பிழைப்பு. அவர் திண்ணையை ஒட்டி இட்லிக் கடை வைத்திருக்கிற எனக்கும் அந்தக் கூட்டத்தால் வியாபாரம் உண்டு, பொய் சொல்வானேன்!

போன ஆடியில் அமிர்தம் தன் அண்ணன் மகள் கனிமொழியைக் கூட்டி வந்தாள். ஏழு வயது. அப்பா இல்லை. அம்மா வானதிக்குக் குவைத்தில் வீட்டு வேலை. உட்கார் என்றால் உட்கார்ந்தது பிள்ளை, எழு என்றால் எழுந்தது. "என்ன அடக்கம் பாரு!" என்று காத்திருந்த பெண்களெல்லாம் மெச்சினார்கள்.

"தெனமும் ராத்திரி பாயிலயே ஒண்ணுக்குப் போயிடுறா பீவிம்மா. எதையோ பாத்துப் பயந்திருக்கா. நல்லா ஓதிவிடுங்க" என்றாள் அமிர்தம்.

பீவி ஓதத் தொடங்கினார். ஈயை விரட்ட அமிர்தம் கையைத் தூக்கினாள், அவ்வளவுதான். பிள்ளை இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு சுருண்டுவிட்டது. பாவாடை விலகி, தொடையில் கரண்டி அகலத்துக்குச் சூட்டுக் காயம் தெரிந்தது. பக்கத்திலேயே ஆறிப்போன பழைய தழும்பு வேறு. பீவியின் ஓதல் பாதியில் நின்றது.

"இது என்ன தாயி?"

"பாயில போனா சூடு வெச்சாத்தான் நிக்கும். எங்களுக்கும் அப்படித்தான் வெச்சாங்க. அடிக்கிற கைதானே பீவிம்மா அணைக்கும்?"

அடிப்பாவி! அணைத்த லட்சணம்தான் தொடையில் தெரிகிறதே! கையிலிருந்த கரண்டியாலேயே அவளுக்கு ஒன்று வைக்கலாமா என்று வந்தது எனக்கு. பீவி சத்தமே போடவில்லை.

"சூடு வெக்கிற பயத்துலதாம்மா புள்ள பாயில போவுது. அது பேயைப் பாத்துப் பயப்படல, உங்களப் பாத்துத்தான் பயப்படுது. இதுக்கு நான் கயிறு கட்ட மாட்டேன்."

பிள்ளையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "கலைமகள், ஒன்னு பூஜ்யம் ஒம்போது எட்டுக்குப் போன் போடு. குழந்தைங்களுக்கான நம்பர்."

"குடும்ப விஷயத்துல தலையிடுறீங்களே, இனிமே உங்ககிட்ட யாரு வருவா?" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

"வராட்டிப் போகட்டும். இன்னிக்கு இந்தப் புள்ள அந்த வீட்டுக்குப் போவாது."

போகவில்லை. உதவி மையத்து ஆட்கள் வந்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், பிறகு தஞ்சாவூரில் ஒரு குழந்தைகள் இல்லத்தில் சேர்த்தார்கள். அமிர்தத்தின் மேல் வழக்கு பதிவானது. ஆனாலும் பீவிக்குச் சோறு இறங்கவில்லை. வானதி வந்து, நாத்தனார் பேச்சைக் கேட்டுப் பிள்ளையைத் திரும்ப அங்கேயே விட்டுவிட்டால்?

தகவல் கிடைத்து வானதி வந்தாள். பிள்ளையை இல்லத்தில் பார்த்துவிட்டு நேரே பீவியிடம் வந்து அழுதாள். "போன்ல கேக்கும்போதெல்லாம் நல்லா இருக்கேம்மான்னுதானே சொன்னா!"

"அத்தை பக்கத்துல நின்னா வேற என்னத்தச் சொல்லும்?" என்றார் பீவி.

வானதி குவைத்துக்குத் திரும்பவில்லை. அதிகாரிகள் விசாரித்துப் பிள்ளையை அவளிடமே ஒப்படைத்தார்கள். இப்போது எங்கள் தெருவில்தான் குடியிருக்கிறார்கள். அப்பாடா என்று மூச்சு விட்டோம். ஆனால் பயம் ஒரே நாளில் போய்விடுமா? பாத்திரம் விழுந்தால்கூட பிள்ளை நடுங்கும். எது கொடுத்தாலும் தின்னும், எதையும் கேட்காது. மனநல டாக்டரிடம் வாரம் தவறாமல் கூட்டிப் போகிறாள் வானதி.

நேற்றுக் காலை என் கடையில் கனிமொழி தரையில் உட்கார்ந்து காலை உதைத்தாள். "எனக்கு இட்லி வேணாம்! பூரிதான் வேணும்!"

"ஏய், சும்மா இரு!" என்று அதட்டினாள் வானதி. பிள்ளை தலையை மூடவில்லை. இன்னும் பலமாகக் கத்தினாள்.

சத்தம் கேட்டு பீவி ஓடி வந்தார். "அல்ஹம்துலில்லாஹ்! அடம் பிடிக்குதுடி கலைமகள், கழுதை அடம் பிடிக்குது! கத்துடி ராசாத்தி, நல்லா கத்து!" என்று அழுதுகொண்டே சிரித்தார்.

என் கடையில் பூரியே கிடையாது. மாவு வாங்க ஓடினேன்.