ஒருமனதாக அல்ல

சரோஜாம்மா இறந்த செய்தி எங்கள் ஏரிப் பாதுகாப்புச் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. கேள்வி அதிகம் கேட்கிறார் என்று இரண்டு வருடம் முன்பு அவரை நீக்கிய அதே குழு. 'நம் சங்கத்தின் தூண்' என்று தலைவர் எழுதியிருந்தார். கீழே வரிசையாகக் கைகூப்பும் பொம்மைகள். கூட்டத்துக்கு வரச் சொன்னால் ஆயிரம் வேலை சொல்கிறவர்கள் இதற்கு மட்டும் முந்திக்கொள்வார்கள். நானும் ஒரு பொம்மையைத் தட்டிவிட்டேன். அந்தக் கூச்சத்தில்தான், அவரை அறியாத உங்களுக்கு இதை எழுதுகிறேன்.

டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். ஒக்கலிபுரத்திலிருந்து இரண்டு பஸ் மாறி ஏரிக்கு வருவார். சனிக்கிழமை காலையில் கோரைப்புல் ஓரமாக நின்று, எத்தனை நாமக்கோழி, எத்தனை முக்குளிப்பான் என்று எண்ணிக் குறித்துக்கொள்வார். கேமரா வந்தால் மரக்கன்றைப் பிடித்துக்கொண்டு நிற்கும் எங்கள் செயற்குழுவில் பாதிப் பேருக்கு அந்த இரண்டு பறவைக்கும் வித்தியாசம் தெரியாது.

ஆபரேட்டர் வேலையின் பழக்கம் ஒன்று அவரைக் கடைசிவரை விடவில்லை. யார் எதை எழுதிக்கொண்டாலும் திருப்பிப் படிக்கச் சொல்வார். ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் போன வருடக் குறிப்புகளை வாசித்ததாக வைத்துக்கொள்வோம் என்று தலைவர் டீக்கு எழுந்திருப்பார். பின்வரிசையிலிருந்து சரோஜாம்மா, "படிக்காததை எப்படி சார் படிச்சதா வெச்சுக்கறது? ஸ்வல்ப படிங்க, கேக்கறோம்" என்று கன்னடம் கலந்து சொல்வார். செயலாளரான நான் எரிச்சலோடு படிப்பேன். மற்றவர்கள் பிஸ்கட் தட்டைப் பார்த்துக்கொண்டு அவரை மனதுக்குள் திட்டுவார்கள். ஒருமுறை அப்படிப் படித்தபோதுதான், கூட்டத்தில் யாருமே பேசாத தீர்மானம் ஒன்று உள்ளே நுழைந்திருப்பது தெரிந்தது. அதை அடிக்க வேண்டியதாயிற்று. அவருக்கு ஒருவரும் நன்றி சொல்லவில்லை.

பிறகு அந்த விதித் திருத்தம் வந்தது. சாதாரண உறுப்பினர்கள் இனிமேல் 'ஆதரவாளர்கள்'. சந்தா கட்டலாம், சங்கத்தின் தொப்பியைப் போட்டுக்கொள்ளலாம், குப்பை பொறுக்கலாம். ஓட்டு மட்டும் கிடையாது. செயற்குழு தன்னைத் தானே தேர்ந்தெடுத்துக்கொள்ளும். இவ்வளவு வெட்கங்கெட்ட வாசகத்தை எழுதியது யார் என்று கேட்காதீர்கள். நான்தான்.

ஒரே ஒரு தடை இருந்தது. கூட்டத்தில் ஒருவர் எதிர்த்தால்கூட, திருத்தத்தைத் தபாலில் எல்லா உறுப்பினர்களுக்கும் அனுப்பி ஓட்டுக் கேட்க வேண்டும் என்பது எங்கள் விதி. அதனால் வேலைநாள் காலையில் கூட்டம் வைத்தோம். தலைவரின் நண்பர்கள் வந்து கைதூக்கினார்கள். சரோஜாம்மாவும் வந்திருந்தார். எழுந்து, "நான் எதிர்க்கறேன். எழுதிக்கங்க" என்றார். வழக்கம்போலத் திருப்பிப் படிக்கச் சொன்னார். 'சரோஜா எதிர்ப்பு' என்று கையிலிருந்த தாளில் எழுதி, அதைப் பார்த்துப் படித்தேன். தலையாட்டிவிட்டு உட்கார்ந்தார்.

அன்று மாலை தலைவர் போன் செய்து, ஒரு அம்மாவுக்காக இத்தனை பேருக்குத் தபால் போடுவதா என்று சிரித்தார். மினிட்ஸ் புத்தகத்தில் நான் 'ஒருமனதாக நிறைவேறியது' என்று எழுதினேன். யாரும் என் கழுத்தில் கத்தி வைக்கவில்லை. மேடையில் எனக்கொரு நாற்காலி வேண்டும், அவ்வளவுதான்.

அடுத்த மழைக்குள் செயற்குழுவினர் ஏரியோரக் கோரைப்புல்லை வாரியெடுத்து, கல் பாவி, கலர் விளக்குப் போட்டு நடைபாதை ஆக்கினார்கள். அப்போதுதான் உறுப்பினர்களுக்கு ரோஷம் வந்தது. ஓட்டுப் போனதுகூடத் தெரியாமல் கொதித்துக் கொதித்து மெயில் அனுப்பினார்கள். சரோஜாம்மா மட்டும் சங்கப் பதிவாளரிடம் மனுக் கொடுத்தார். மினிட்ஸ் புத்தகத்தில் எதிர்ப்பு எதுவும் பதிவாகவில்லை என்று மனு முடிந்துபோனது.

அதற்குப் பிறகு ஒருமுறை என் வீட்டுக்கு வந்தார். காபி வேண்டாம் என்றார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன்; திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நீங்க படிச்சீங்கன்னுதான் சார் நான் உக்காந்தேன்."

அன்றைக்குக் கையால் எழுதிய அந்தத் தாள் இருக்கிறதா, இருந்தால் மனுவோடு சேர்த்து மறுபடியும் கொடுப்பேன் என்றார். கிழித்துப் போட்டுவிட்டேன் என்று சொன்னேன். அது என் மேசை இழுப்பறையில் இருந்தது.

நாளை அல்சூரில் ஓர் அரங்கில் இரங்கல் கூட்டமாம். தலைவர் கண்ணைத் துடைத்துக்கொள்வார், படம் எடுப்பார்கள். நான் போகப்போவதில்லை. இன்று காலை அந்தத் தாளையும், பொய் எழுதியவன் நான் என்று ஒரு கடிதத்தையும் எடுத்துக்கொண்டு பதிவாளர் அலுவலகத்துக்குப் போனேன். பொறுமையாகக் கேட்ட பெண், கடிதத்தை மட்டும் வாங்கிக்கொண்டு தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

"மனுக் கொடுத்த அம்மா வரலையா சார்? அவங்க கையெழுத்துப் போட்டாத்தான் இதை மனுவோட சேர்க்க முடியும்."

சரோஜாம்மாவிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தத் தாள்தான். அவர் வீடு தேடி வந்து கேட்டபோது நான் கொடுக்காதது.