அவித்த மண்

நீலசந்திராவிலிருந்து இரண்டு பஸ் மாறி ஆய்வகத்துக்குப் போகிறவள் நான். என் ஆராய்ச்சி பூஞ்சையில் என்றால் போதும், உறவினர்கள் கெட்டுப்போன ஊறுகாயைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்கள். என் பூஞ்சைகள் வேறு. காட்டு மரங்களின் வேரில் ஒட்டி வாழ்பவை. மண்ணின் சத்தை மரத்துக்குக் கொடுத்து, பதிலுக்குச் சர்க்கரை வாங்கிக்கொள்பவை. ஒரு மரத்தடியில் இருக்கும் வகை பக்கத்து மரத்தடியில் இருக்காது.

சக்லேஷ்பூரைத் தாண்டி ஒரு காட்டில் அட்டைக்கடி வாங்கிக்கொண்டு, மரம் மரமாக மண்ணெடுத்து வந்தேன். அதில் கன்று நட்டால், மண்ணில் உயிரோடிருக்கும் பூஞ்சைகள் கன்றின் வேரில் ஏறிக்கொள்ளும். பிறகு எது எந்த வகை என்று பார்க்கலாம். நான் திரும்பி வந்த கொஞ்ச நாளில், சாலையை அகலப்படுத்த அந்த மரங்களை வெட்டிவிட்டார்கள். மிச்சமிருந்தது ஆய்வகக் குளிர்பெட்டியில் இருந்த என் பைகள்தான்.

அந்த நேரம் பார்த்துக் காய்ச்சலில் படுத்தேன். என்னோடு ஆராய்ச்சி செய்பவள் ஒருத்தி, எங்கள் பக்கத்து ஏரியா ஆஸ்டின் டவுன்காரி. தொட்டியில் எது நட்டாலும் மண்ணை முதலில் ஆட்டோகிளேவில் போட்டு நீராவியில் அவித்துவிட வேண்டும், ஒரு கிருமி மிஞ்சக்கூடாது. அப்படித்தான் அவள் பழகியிருந்தாள்.

நான் திரும்பி வந்ததும் சிரித்துக்கொண்டே சொன்னாள். “உன் மண்ண ஸ்டெரிலைஸ் பண்ணி வெச்சிட்டேன் டி. இனி நேரா நட வேண்டியதுதான்.”

“எல்லாத்தையுமா?”

“ஒரு பை விடல.”

கிருமிகளோடு சேர்ந்து நான் தேடிப்போன பூஞ்சைகளும் வெந்து செத்திருந்தன. உதவி செய்ய நினைத்தவளை என்ன சொல்லித் திட்டுவது? அவள் அழுது மன்னிப்புக் கேட்டாள். எனக்கு இன்றுவரை மனது ஆறவில்லை.

எங்கள் வழிகாட்டிப் பேராசிரியர் மட்டும் அசரவில்லை. “இதுவும் யூஸ்தாம்மா. பூஞ்சை இல்லாத மண்ணுல கன்னு எப்படி வருதுன்னு காட்டு. நல்ல பேப்பர் வரும்.”

காட்டினேன். வேறொரு காட்டின் உயிருள்ள மண்ணில் நட்டவை தளதளவென்று நிற்க, பக்கத்தில் என் கன்றுகள் வெளுத்துப்போய்ச் சாண் உயரத்தோடு நின்றுவிட்டன. கட்டுரை வெளிவந்தது, என் பெயர் முதலில். காட்டு மரத்துக்கு வேர்ப் பூஞ்சை எவ்வளவு அவசியம் என்று நிரூபித்துவிட்டேனாம். ஆய்வகத்தில் கேக் வெட்டினார்கள்.

கை கொடுத்தவர்களில் ஒருவர்கூட, அந்தக் காட்டில் என்னென்ன பூஞ்சைகள் இருந்தன என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் தெரியாது என்றுதான் சொல்லியிருப்பேன். இனி யாருக்கும் தெரியப்போவதில்லை.