இல்லையண்ணன் படித்த ஸ்பானிய மொழி

இல்லையண்ணனுக்கு ஸ்பானிய மொழியில் 'ஆமாம்' சொல்லத் தெரியாது. கம்பெனி சொல்லிக்கொடுக்கவில்லை. துணி துவைக்கும் மெஷின் விற்கிற கம்பெனி அது. விற்ற மெஷின் பழுதாகிவிட்டதென்று கடல் கடந்து போன் வரும். அந்தப் புகார்களுக்கெல்லாம் முடியாது என்று சொல்லத்தான் ஆள் எடுத்தார்கள். ஆமாம் என்ற சொல் தெரிந்திருந்தால் இளகிய மனசுக்காரன் எவனாவது வாய்தவறிச் சொல்லித் தொலைப்பான், அப்புறம் மோட்டாரை யார் மாற்றிக்கொடுப்பது என்று மேலிடத்துக்குப் பயம். ஆகவே பயிற்சி வகுப்பில் மறுப்புச் சொற்கள் மட்டுமே.

நமக்கென்றால் ஓர் 'இல்லை' போதும். ஆள் வந்தாரா, இல்லை. உப்பு இருக்கா, இல்லை. அந்த மொழிக்காரர்களுக்கு அந்தச் சிக்கனமெல்லாம் கிடையாது. ஆளே இல்லையென்றால் 'நாதியே'. பொருள் எதுவும் இல்லையென்றால் 'நாதா'. இருக்கிற கூட்டத்தில் ஒன்றுகூடத் தேறாதென்றால் 'நிங்குனோ'. எந்தக் காலத்திலும் நடக்காதென்றால் 'நுன்கா'. ஒன்றை மறுத்த கையோடு இன்னொன்றையும் மறுக்க 'தாம்போக்கோ'. அண்ணன் இவற்றை விரலுக்கொன்றாகப் பிரித்துக்கொண்டார். ஆள்காட்டி விரல் ஆளுக்கு, கட்டைவிரல் பொருளுக்கு, மற்றவை மற்றவற்றுக்கு. எந்த விரல் மடங்குகிறதோ அந்தச் சொல் வாயில் வரும். குளிக்கும்போதும் பயிற்சிதான். உள்ளேயிருந்து "நாதா, நாதா" என்று குரல் கேட்க, "அப்படிக் கூப்பிட வேண்டியது நான்தாங்க" என்றாள் மனைவி, கதவுக்கு வெளியே நின்று.

இவ்வளவு பாடும் மாமனாரின் இரும்புக்கடையிலிருந்து தப்பிக்கத்தான். கல்யாணமான நாள்முதல் மாமனார் வீட்டு மாடியில் குடித்தனம், கீழே கடையில் சம்பளமில்லாத உத்தியோகம். ஆணி எடுங்க மாப்ள, தாழ்ப்பாள் எடுங்க மாப்ள. மரியாதைக்கு ஒரு குறைவும் இல்லை, ஒவ்வோர் ஏவலுக்கும் ஒரு 'ங்க' உண்டு. அந்த மனிதரிடம் முடியாது என்று சொல்ல மருமகனுக்கு நாக்கு எழுந்ததே இல்லை. கம்பெனி வேலை நிரந்தரமானால் பிழைத்தார். ஆகாவிட்டால் மறுபடியும் ஆணி, தாழ்ப்பாள்.

அண்ணன் வேலையில் கெட்டிக்காரர். எதிர்முனையில் பேசுவதெல்லாம் திரையில் தமிழாக ஓடும், பதிலை மட்டும் வாயால் சொல்ல வேண்டும். பதில் சொல்லாமல் மௌனம் காத்தால் குற்றம். இப்படியிருக்கையில் ஒரு தையல்காரம்மா கூப்பிட்டாள். மெஷின் சுற்றவில்லை என்றாள், முடியாது என்ற பதிலைக் கேட்டுக்கொண்டாள். பாவம், தனியாக இருப்பவள் போலிருக்கிறது, போனை வைக்காமல் பேச்சுக் கொடுத்தாள்.

"தம்பி, என்ன சாப்பிட்டே?" என்று திரையில் ஓடியது.

இன்னும் சாப்பாட்டு நேரம் வரவில்லை. அண்ணன் கட்டைவிரலை மடக்கினார். "நாதா."

"வீட்டிலிருந்து யார் சாப்பாடு கொண்டுவருவார்கள்?"

கேன்டீனில்தான் சாப்பாடு. "நாதியே."

"லீவு எப்போது கொடுப்பார்கள்?"

வாராவாரம் உண்டு என்று சொல்ல எந்த விரலிலும் சொல் இல்லை. "நுன்கா."

"உன் அதிகாரிகளில் ஒருத்தராவது நல்லவரா?"

"நிங்குனோ."

ஒவ்வொரு கேள்விக்கும் அச்சுப் பிசகாத சொல். அண்ணனுக்குத் தன்மேலேயே பெருமை தாங்கவில்லை. எதிர்முனையில் அந்த அம்மா விசும்புவது காதில் விழுந்தபோது, மெஷின்மேல் இவ்வளவு பாசமா என்று வியந்துகொண்டார்.

மறுவாரம் மேனேஜர் கூப்பிட்டார். முகத்தில் ஈயாடவில்லை.

"என்னங்க சொல்லித் தொலைச்சீங்க அந்தம்மாகிட்ட? சோறில்லாம, நாதியில்லாம ஒரு மனுசனை அடைச்சு வெச்சிருக்கோமாம். உங்களை உடனே விடுதலை பண்ணணுமாம். தெருவையே திரட்டிட்டு நம்ம கம்பெனி கடை வாசல்ல வந்து நிக்கிறாங்க அங்க!"

"சார், வார்த்தை எல்லாம் சரியாத்தானே சொன்னேன்?"

"அதுதாங்க வினை. மேலிடம் உங்களை அனுப்பிடச் சொல்லுது. நாளைக்கு அந்தம்மா திரும்பக் கூப்பிடுவாங்க. நானும் கேட்டுட்டிருப்பேன். அவங்க மனசு மாறினா வேலை நிரந்தரம். மாறலைன்னா நீங்க கிளம்ப வேண்டியதுதான்."

"ஆமாங்கிற வார்த்தையை மட்டும் கத்துக் கொடுங்க சார்."

"அது கம்பெனி விதிக்கு விரோதம்" என்றார் மேனேஜர், நிஜமான வருத்தத்தோடு.

மறுநாள் போன் வந்தது. மேனேஜர் பக்கத்து நாற்காலியில் நகம் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அண்ணன் ஐந்து விரலையும் மேசைமேல் விரித்து வைத்துக்கொண்டார்.

"பயப்படாதே தம்பி. உன்னை அடைத்து வைத்திருப்பது யார்?"

ஆள்காட்டி விரல். "நாதியே!"

"அடித்தார்களா? உடம்பில் என்ன காயம்?"

"நாதா!"

அப்புறம் திரையில் மெதுவாக ஒரு வரி ஊர்ந்தது. "அப்படியானால் அந்த இடத்தை விட்டு எப்போதுதான் வெளியே வருவாய்?"

அண்ணனின் கண்முன் இரும்புக்கடை வந்து நின்றது. அத்தனை நாளும் கம்பெனிக்காக மறுத்தவர், அன்றைக்குத்தான் தனக்காக மறுத்தார். "நுன்கா" என்றார். இன்னொரு முறை உரக்க, "நுன்கா!" பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அந்த அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. சிரித்தாள். பிடித்துப்போய்த்தான் அங்கே இருக்கிறாயா, நல்லாயிரு என்று வாழ்த்தினாள். "போகட்டும், நீ வரவேண்டாம். என் மோட்டாரையாவது மாற்றிக் கொடுப்பாயா?"

சுண்டுவிரல் தானாக மடங்கியது. "தாம்போக்கோ."

அதற்குப்பின் அந்த அம்மா பேசியதைத் தமிழாக்க மாட்டேனென்று திரையே அடம்பிடித்தது. மேனேஜர் அண்ணனைக் கட்டிக்கொண்டார்.

அன்று சாயங்காலம் மாமனாரோடு சாப்பிட உட்கார்ந்தபோது சேதியைச் சொன்னார். மாமனாருக்கும் சந்தோஷம்தான். "நிரந்தரமாயிடுச்சா? பேஷ். லீவு நாள்ல சும்மாதானே இருப்பீங்க, அன்னைக்குக் கடைக்கு வந்துடுங்க மாப்ள."

அண்ணன் தண்ணீர் குடித்தார். எழுந்து கை கழுவிவிடலாமா என்றுகூடத் தோன்றியது.

"வர முடியாது மாமா."

"என்ன சொன்னீங்க?" மாமனாரின் கை தட்டிலேயே நின்றது. அதே வார்த்தையைத் திரும்பச் சொல்ல அண்ணனிடம் தெம்பில்லை.

மனைவி அடுப்படியிலிருந்து வந்து அண்ணன் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள். "அடுப்படியில இருந்த எனக்கே கேட்டுச்சுப்பா" என்றாள். "எதிர்ல உக்காந்திருக்கிற உங்களுக்குக் கேக்கலையா?"